134 பைட்டில் இருந்து 1 பைட்டுக்கு: யுனிவர்சல் ரிமோட்டில் மெமரி சிக்கனம்

(எபிசோடின் ஆடியோவை எழுத்தாக்கி, படிக்க வசதியாகத் திருத்திய வடிவம்.)

உங்க கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை எடுத்து இன்னைக்கு முழு எபிசோடும் பேசப் போறோம். ஒரு நேயர் எழுதியிருக்கார். அவரோட அம்மாவுக்குக் கண்பார்வை குறைஞ்சுட்டே வருதாம். வீட்டுல டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு, ஏசிக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் பொடி எழுத்து. அதனால கையால தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி ஆறு பெரிய பட்டன் வச்சு ஒரே ரிமோட் செஞ்சு தரணும்னு இறங்கியிருக்கார். ஆர்டுயினோ ஊனோல இருக்குற அதே ஏடிமெகா328பி சிப். டிவியும் செட்டாப் பாக்ஸும் ஏத்துற வரைக்கும் ஒரு மாதிரி ஓடியிருக்கு. அப்புறம் மெமரி குறைவா இருக்குன்னு எச்சரிக்கை, சிப் தானா ரீசெட் ஆகுறது, ஏசி பக்கம் போகவே முடியலை. "பெரிய சிப் வாங்கட்டுமா, வேற வழி இருக்கா?" இதுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரிய சிப் வாங்கினா இடப் பிரச்சனை தீரும். ஆனா அந்த அம்மா பட்டனை அழுத்தும்போது வரப்போற வேற ரெண்டு பிரச்சனை அப்படியே இருக்கும். மெமரியை ஒழுங்கா மிச்சம் பிடிச்சா அந்த ரெண்டும் கூடவே தீரும். எப்படின்னு ஒவ்வொரு படியா பார்ப்போம்.

ரிமோட் என்ன பேசுது?

ரிமோட் முன்னாடி இருக்குறது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்இடி. அது வினாடிக்கு 38,000 தடவை, அதாவது 38 கிலோஹெர்ட்ஸ்ல, எரிஞ்சு அணையும். சூரிய வெளிச்சம், டியூப்லைட் எல்லாத்துல இருந்தும் தனியா தெரியறதுக்காக இந்தத் துடிப்பு. காலேஜ் புராஜெக்ட்ல எல்லாரும் வாங்குற அந்த மூணு கால் டிசாப் 1738 ரிசீவர், இந்தத் துடிப்பை வடிகட்டிட்டு, "இவ்வளவு நேரம் ஆன், இவ்வளவு நேரம் ஆஃப்"னு மட்டும் நமக்குச் சொல்லும்.

ரொம்பப் பரவலா இருக்குற என்இசி புரோட்டோகாலை எடுத்துக்குவோம். முதல்ல 9 மில்லிசெகண்ட் ஆன், அப்புறம் 4.5 மில்லிசெகண்ட் ஆஃப். இது "கவனி, பேசப் போறேன்"ங்கற அறிவிப்பு. அதுக்கப்புறம் 32 பிட். ஒவ்வொரு பிட்டும் சுமார் 560 மைக்ரோசெகண்ட் ஆன்ல ஆரம்பிக்கும். அடுத்து வர்ற ஆஃப் 560 மைக்ரோசெகண்டா இருந்தா அது 0, 1690-ஆ இருந்தா அது 1. கடைசியா முடிஞ்சதுன்னு காட்ட ஒரு சின்ன ஆன்.

எண்ணிப் பாருங்க. தொடக்கத்துல 2 எண், 32 பிட்டுக்கு 64, கடைசியில 1. மொத்தம் 67. லைப்ரரியோட எடுத்துக்காட்டு புரோகிராமை ஓட்டி ஒரு பட்டனை அழுத்தினா, 67 எண் இருக்குற ஒரு அரே திரையில வரும். பாத்திருப்பீங்க. நேயர் செஞ்சது, இணையத்துல பாதிப் பேர் செய்யறது, அந்த அரேயை அப்படியே காப்பி பண்ணி புரோகிராம்ல ஒட்டுறது. ஒவ்வொரு எண்ணும் 2 பைட். ஆக, ஒரு பட்டனுக்கு 134 பைட்.

முதல்ல, எங்க வைக்கிறோம்?

இந்தச் சிப்ல 32 கிலோபைட் ஃபிளாஷ் இருக்கு, ராம் வெறும் 2 கிலோபைட். 134 பைட் வீதம் 15 பட்டன் வச்சா 2010 பைட். மொத்த ராமே 2048 தான்! அதுலயும் லைப்ரரிக்குன்னு ஒரு பங்கு, ஃபங்ஷன் கூப்பிடும்போது ஸ்டேக்குக்குன்னு ஒரு பங்கு வேணும். அதனால 15-க்கு முன்னாடியே தள்ளாட ஆரம்பிச்சிடும். நேயருக்கு நடந்த ரீசெட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும்.

"நான் கான்ஸ்ட்னு போட்டிருக்கேனே"ன்னு கேட்கலாம். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பழகினவங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இது. இந்த ஏவிஆர் சிப்ல புரோகிராம் இருக்குற நினைவகமும் டேட்டா இருக்குற நினைவகமும் தனித்தனி. கான்ஸ்ட் மட்டும் போட்டா, சிப் ஆன் ஆகும்போது அந்த அரே மொத்தமும் ராமுக்குக் காப்பி ஆயிடும். புரோக்மெம்னு சேர்த்துப் போட்டாத்தான் அது ஃபிளாஷ்லயே தங்கும். ஆனா படிக்கும்போது அதுக்கான தனி ஃபங்ஷன் மூலமாத்தான் படிக்கணும். நேரா அரே மாதிரி படிச்சா குப்பைதான் வரும்.

இந்த ஒரு மாற்றத்துலயே ராம் பிரச்சனை போயிடும். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா இது சாமானை ஹால்ல இருந்து பரணுக்கு மாத்தின மாதிரி. சாமான் குறையலை.

சாமானைக் குறைப்போம்

முதல் படி. நேரத்தை மைக்ரோசெகண்ட்ல எழுத வேண்டாம். 50 மைக்ரோசெகண்டை ஒரு அளவா வச்சுக்கோங்க. 9000 இப்ப 180. 4500 இப்ப 90. 560 வந்து 11, 1690 வந்து 34. எல்லாமே 255-க்குள்ள அடங்கிடுச்சு, ஒரு பைட் போதும். 134 இப்ப 67 ஆயிடுச்சு. டிவி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஏத்துக்கும், இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுக்காது.

ரெண்டாவது படி. அந்த 67 எண்ணை உத்துப் பாருங்க. 540, 580, 600, 560னு பலவிதமா இருக்கும். அது ரிசீவரோட தடுமாற்றம். எல்லாத்தையும் சுத்தம் பண்ணிப் பார்த்தா, ஆன்-ஆஃப் ஜோடிகள் நாலே நாலு வகைதான். தொடக்க ஜோடி, 0 ஜோடி, 1 ஜோடி, முடிவு ஜோடி. நாலு வகைன்னா அடையாளம் சொல்ல 2 பிட் போதும். மொத்தம் 34 ஜோடி, 68 பிட், அதாவது 9 பைட். ஜோடிகளோட நேரத்தை வச்சிருக்க ஒரு சின்ன அட்டவணை, 8 பைட். அதையும் எல்லா பட்டனும் பகிர்ந்துக்கலாம்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. டிவி-பி-கான்னு ஒரு சாதனம் இருக்கு. மிட்ச் ஆல்ட்மன் உருவாக்கினது. பொது இடத்துல இருக்குற டிவியை ஆஃப் பண்றது மட்டும்தான் அதோட வேலை. அதை நாமளே சால்டர் பண்ற கிட்டா ஏடாஃப்ரூட் விக்கிறாங்க. அதுல இருக்குறது ஏடிடைனி85, மொத்த ஃபிளாஷே 8 கிலோபைட். அதுக்குள்ள நூத்துக்கும் மேற்பட்ட ஆஃப் சிக்னல்கள் இருக்கு. எல்லாம் இந்த முறைதான்: நேர அட்டவணை ஒண்ணு, அதைச் சுட்டிக்காட்டுற சில பிட்டுகள். அதோட சோர்ஸ் கோட் வெளிப்படையா இருக்கு. எம்பெடட் படிக்கிற யாரும் ஒரு தடவையாவது அதை வாசிக்கணும்.

மூணாவது படி. டிவி-பி-கானுக்கு நூறு விதமான டிவி, நூறு விதமான புரோட்டோகால். அதனால அவங்க அலையோட வடிவத்தை வச்சிருக்க வேண்டியிருக்கு. நமக்கு நம்ம வீட்டு டிவி என்இசின்னு தெரியும். அப்ப தொடக்கம், முடிவு எதையும் சேமிக்க வேண்டாம். 32 பிட் மட்டும், 4 பைட்.

நாலாவது படி. அந்த 4 பைட்ல முதல் பைட் முகவரி. "நான் இந்த டிவிகிட்ட பேசுறேன்"னு சொல்றது. ரெண்டாவது, அதே முகவரி 0 எல்லாம் 1 ஆ, 1 எல்லாம் 0 ஆ தலைகீழா. மூணாவது கமாண்ட், நாலாவது கமாண்டோட தலைகீழ். பிழை வந்தா டிவி கண்டுபிடிக்கிறதுக்கு இந்த ஏற்பாடு. தலைகீழை நாமே கணக்குப் போட்டுக்கலாமே? ஆக 2 பைட்.

இங்க ஒரு எச்சரிக்கை. பல சாதனங்கள் முகவரியை 16 பிட்டா நீட்டிப் பயன்படுத்துது, அங்க ரெண்டாவது பைட் தலைகீழா இருக்காது. சில கம்பெனிகள் கமாண்ட்லயும் இதைக் கடைப்பிடிக்கிறதில்லை. அதனால தலைகீழ்தானான்னு சரிபார்த்துட்டு அப்புறம் தூக்குங்க.

அஞ்சாவது படி. முகவரி ஒரே டிவியோட எல்லாப் பட்டனுக்கும் ஒண்ணுதான். அதை ஒரே ஒரு தடவை எழுதுங்க. அப்புறம் ஒரு பட்டனுக்கு 1 பைட்.

நாற்பது பட்டன் இருக்குற முழு டிவி ரிமோட்டை எடுத்துக்கோங்க. அப்படியே காப்பி பண்ணினா 5360 பைட். இப்ப புரோட்டோகால் எண் 1, முகவரி 1, கமாண்ட் 40. மொத்தம் 42 பைட்.

புரோட்டோகாலுக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டாம். தொடக்க ஆன், தொடக்க ஆஃப், 0-க்கான ஆன் ஆஃப், 1-க்கான ஆன் ஆஃப். ஆறு எண், 12 பைட். என்இசிக்கும் சாம்சங்குக்கும் பிட்டோட நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தொடக்கம் மட்டும் சாம்சங்ல 4.5 ஆன், 4.5 ஆஃப். சோனியில ஆன் நேரம்தான் மாறும்: 600-ன்னா 0, 1200-ன்னா 1. துடிப்பு 40 கிலோஹெர்ட்ஸ், குறைஞ்சது மூணு தடவை அனுப்பணும். இதெல்லாம் ஒரே ஃபங்ஷன்ல, வேற வேற அட்டவணை வரியில அடங்கும்.

காப்பி அடிச்சா வர்ற முதல் பிரச்சனை

சரி, இப்ப ஆரம்பத்துல சொன்ன ரெண்டு பிரச்சனைக்கு வர்றேன்.

ஃபிலிப்ஸ் உருவாக்கின ஆர்சி-5னு ஒரு புரோட்டோகால். மொத்தம் 14 பிட். அதுல ஒரு பிட்டுக்கு டாகிள் பிட்னு பேரு. ஒவ்வொரு தடவை பட்டனைப் புதுசா அழுத்தும்போதும் அது 0, 1, 0, 1னு மாறும். அழுத்திப் பிடிச்சே இருந்தா மாறாது. "விரலை எடுத்துட்டு மறுபடி அழுத்தினாங்களா, இல்ல பிடிச்சே இருக்காங்களா"ன்னு டிவி இதை வச்சுத்தான் தெரிஞ்சுக்குது.

அலையைக் காப்பி பண்ணி வச்சிருந்தா அந்தப் பிட் உறைஞ்சு போயிருக்கும். இப்ப 11-ஆம் சேனலுக்கு "1, 1"னு அனுப்புறீங்க. டிவிக்கு ரெண்டும் ஒரே அழுத்தல் மாதிரி தெரியும். ஒரு 1 மட்டும் எடுத்துக்கிட்டு முதல் சேனலுக்குப் போயிடும். அம்மாவுக்கு என்ன தோணும்? "நான்தான் சரியா அழுத்தலை போல." மறுபடி அழுத்துவாங்க, மறுபடியும் தப்பு. கொஞ்ச நாள்ல ரிமோட்டையே தொட மாட்டாங்க.

4 மெகாபைட் இருக்குற ஈஎஸ்பி32 வாங்கிப் போட்டாலும் இது இப்படியேதான் நடக்கும். முகவரியும் கமாண்டுமா பிரிச்சு, டாகிள் பிட்டை நாமே மாத்தி அனுப்பினா பிரச்சனையே இல்லை. மெமரியும் 28 எண்ணுக்குப் பக்கமா இருந்தது 1 பைட் ஆயிடும்.

ஏசி: இங்கதான் காப்பி முறை மொத்தமா உடையும்

டிவி ரிமோட் "சத்தத்தைக் கூட்டு"ன்னு மட்டும் சொல்லும். பெரும்பாலான ஏசி ரிமோட் அப்படிப் பேசாது. நீங்க டெம்பரேச்சரை ஒரு டிகிரி ஏத்தினா, "ஆன்ல இரு, கூல் மோடு, 25 டிகிரி, ஃபேன் நடுத்தர வேகம், காத்து இந்தப் பக்கம்"னு முழு நிலவரத்தையும் ஒவ்வொரு தடவையும் அனுப்பும். அதனாலதான் ஏசி ரிமோட்ல திரை இருக்கு. ஏசி திரும்பப் பேசாது, ரிமோட்தான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கணும்.

மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசியில பரவலா இருக்குற ஒரு வகையில ஒரு செய்தி 144 பிட், 18 பைட். அலையா காப்பி பண்ணினா 291 எண், 582 பைட். 16-ல இருந்து 30 டிகிரி வரைக்கும் 15 நிலை, 4 மோடு, 3 ஃபேன் வேகம்னு வச்சுக்குவோம். 180 விதம். 582-ஐ 180-ஆல பெருக்குங்க: 1,04,760 பைட். நம்ம சிப்போட ஃபிளாஷ் 32 கிலோபைட். நேயர் ஏசி கிட்டப் போக முடியாததுக்கு இதுதான் காரணம்.

இப்ப அர்த்தத்தைப் பாருங்க. 18 பைட்ல முதல் அஞ்சு பைட் மாறவே மாறாது. டெம்பரேச்சருக்கு ஒரு இடம், அதுல 16-ஐக் கழிச்சு எழுதணும். 24 டிகிரின்னா 8. மோடுக்கு ஒரு இடம், ஃபேனுக்கு ஒரு இடம். கடைசி பைட், முன்னாடி இருக்குற 17 பைட்டையும் கூட்டி, அதோட கடைசி 8 பிட். அவ்வளவுதான். 18 பைட் மாதிரி ஒண்ணு, அதுல ரெண்டு மூணு இடத்தை மாத்தி, கூட்டிப் போட ஒரு சின்ன ஃபங்ஷன். 180 விதமும் இதுக்குள்ள அடக்கம். நீங்க பிடிச்சு வைக்காத விதமும் அடக்கம்.

இந்த நிலவரத்தை ஈப்ராம்ல ஒவ்வொரு அழுத்தலுக்கும் எழுத வேண்டாம். அதுல ஒரு இடத்துக்கு 1,00,000 தடவை எழுதுறதுதான் உத்தரவாதம். சிப் தூங்கும்போதும் ராம் அழியாது. அதனால ராம்ல வச்சாலே போதும். பேட்டரி மாத்தின உடனே "கூல், 26 டிகிரி"ன்னு ஒரு நிலையில ஆரம்பிக்க விடுங்க.

ரெண்டாவது பிரச்சனை: ஆன் பட்டனா, ஆஃப் பட்டனா?

ஆறு பட்டன் ரிமோட்ல முக்கியமான பட்டன் "டிவி பார்க்கணும்"ங்கற பட்டன். அழுத்தினா டிவி ஆன், செட்டாப் பாக்ஸ் ஆன், சரியான எச்டிஎம்ஐ, பிடிச்ச சேனல். இதுக்கு மேக்ரோன்னு பேரு. இதுலயும் சிக்னலைத் திரும்பச் சேமிக்க வேண்டாம். "எந்தச் சாதனம், எத்தனாவது பட்டன்"ங்கற எண் வரிசை போதும். பத்து படி இருந்தாலும் 20 பைட்.

ஆனா டிவியோட பவர் பட்டன் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒண்ணே. டிவி ஏற்கெனவே ஆன்ல இருந்து, செட்டாப் பாக்ஸ் மட்டும் ஆஃப் ஆகியிருந்தா? மேக்ரோ டிவியை ஆஃப் பண்ணிட்டு செட்டாப் பாக்ஸை ஆன் பண்ணும். அதுக்கப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணு எரியும், ஒண்ணு அணையும். பார்வை நல்லா இருக்குறவங்களே குழம்பிடுவாங்க.

இதுக்குத் தீர்வு பல டிவிக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. ஒரிஜினல் ரிமோட்ல பட்டனே இல்லாத "ஆன் மட்டும்", "ஆஃப் மட்டும்" கமாண்டுகள். பட்டனே இல்லாததைக் காப்பி எடுக்க முடியாதே! ஆனா உங்ககிட்ட இப்ப முகவரி இருக்கு, கமாண்ட் ஒரு பைட்னு தெரியும். மொத்தம் 256 சாத்தியம்தான். ஒரு லூப் எழுதி, ஒவ்வொண்ணா மெதுவா அனுப்பி, டிவி என்ன செய்யுதுன்னு பக்கத்துல உக்காந்து குறிச்சுக்கிட்டே வரலாம்.

கவனமா பண்ணுங்க. சில எண்கள் சர்வீஸ் மெனுவுக்குள்ள கொண்டுபோய் விடும். அங்க எதையும் மாத்தாம டிவியை ஆஃப் பண்ணிட்டு வெளியே வந்துடுங்க. லூப்பைத் தானா ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. எல்லா டிவியிலயும் இந்தக் கமாண்டுகள் இருக்கும்னும் சொல்ல முடியாது. சில டிவி, நம்பர் பட்டனை அழுத்தினா ஆன் ஆகும், ஏற்கெனவே ஆன்ல இருந்தா சேனல்தான் மாறும். அதையே ஆனுக்குப் பயன்படுத்திக்கலாம்.

இதை நமக்கு முன்னாடியே செஞ்சவங்க

1987-ல ஆப்பிளோட ஸ்டீவ் வாஸ்னியாக், சிஎல் 9-ங்கற தன்னோட கம்பெனியில இருந்து கோர்னு ஒரு ரிமோட் கொண்டுவந்தார். மத்த ரிமோட்டைப் பார்த்துக் கத்துக்கிற ரிமோட். அப்புறம் கடையில வந்த யுனிவர்சல் ரிமோட்டுகள், கோட் புத்தகத்தைப் பார்த்து எண் போடுவோமே, அந்த எண் சுட்டிக்காட்டுறது கிட்டத்தட்ட நாம இப்ப கட்டின அதே அமைப்பை: எந்தப் புரோட்டோகால், மாறாத டேட்டா என்ன, பட்டனுக்கு ஒரு கமாண்ட்.

அமெரிக்காவுல ஒன் ஃபார் ஆல் ரிமோட்டுகளோட பேட்டரி அறைக்குள்ள ஆறு பின் கனெக்டர் ஒண்ணு இருந்தது. போர்டுல ஜேபி1னு எழுதியிருக்கும். அது வழியா கம்ப்யூட்டர்ல இணைச்சு உள்ளே இருக்குற ஈப்ராமைப் படிக்கலாம்னு ஆர்வலர்கள் கண்டுபிடிச்சாங்க. அந்தச் சின்ன இடத்துல புதுச் சாதனங்களை நுழைக்க அவங்க பழகின வழக்கம் இன்னைக்கும் செல்லும்: சிக்னலைக் கத்துக்க வைக்கிறது கடைசி வழி. முடிஞ்ச வரைக்கும் கமாண்ட் எண்ணா மாத்து. ஒரே புரோட்டோகாலை எத்தனை சாதனம் பகிர முடியுமோ பகிர விடு.

நேயருக்கு, வரிசையா

ஒண்ணு, அரேக்களை இன்னைக்கே புரோக்மெம்முக்கு மாத்துங்க, ரீசெட் நிக்கும். ரெண்டு, டிவி, செட்டாப் பாக்ஸ் ரெண்டுக்கும் புரோட்டோகால், முகவரி, கமாண்ட் எழுதி எடுங்க. லைப்ரரியே டீகோட் பண்ணிக் காட்டும். மூணு, ஏசியை ஒரு டிகிரி மாத்தி ரெண்டு தடவை பிடிச்சு, எந்த பைட் மாறுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு இடம்தான் மாறும்: டெம்பரேச்சரும் கடைசிக் கூட்டலும். நாலு, ஆன் மட்டும், ஆஃப் மட்டும் கமாண்ட் தேடுங்க. டீகோட் ஆகாத சிக்னல் ஒண்ணு ரெண்டு இருந்தா, அதை மட்டும் ஜோடி அட்டவணை முறையில வச்சுக்கோங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறமும் இடம் பத்தலைன்னா தாராளமா பெரிய சிப் வாங்குங்க. ஆனா பத்தும்.

இன்னொண்ணு. ஏசி ஆஃப் பட்டனை மத்ததுல இருந்து தள்ளி, வேற வடிவத்துல வைங்க. இதுக்கும் மெமரிக்கும் சம்பந்தமில்லை, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா தேடப் போறது அந்தப் பட்டனைத்தான்.

ரிமோட் முடிஞ்சதும் எழுதுங்க, மத்த நேயர்களுக்கும் சொல்றேன். உங்க வீட்டு ரிமோட்டை டீகோட் பண்ணிப் பார்த்து வித்தியாசமா ஏதாவது சிக்கினாலும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சிப்பைத் தூங்க வச்சு பேட்டரியை எப்படி மாசக்கணக்கா ஓட்டுறதுன்னு பேசலாம்.